வார வசூலும் ஒரு நாடகத்தின் ஆயுளும்

நியூயார்க் நகரின் பிராட்வேயில் 41 நாடக அரங்குகள் இருக்கின்றன. அவற்றில் நடைபெறும் நாடகம் ஒவ்வொன்றும் ஞாயிற்றுக்கிழமையோடு முடியும் வாரத்தில் எத்தனை டாலர் வசூலித்தது, எத்தனை பேர் பார்த்தார்கள், இருக்கைகளில் எத்தனை விழுக்காடு நிரம்பின, ஒரு நுழைவுச்சீட்டின் சராசரி விலை என்ன என்பதையெல்லாம் அடுத்த ஓரிரு நாள்களில் அட்டவணையாக வெளியிட்டுவிடுகிறார்கள். அதை வெளியிடுவது, தயாரிப்பாளர்களும் அரங்க உரிமையாளர்களும் சேர்ந்த பிராட்வே லீக் என்ற அமைப்பு. தனியார் வணிகம் ஒன்று வாரந்தோறும் தன் கல்லாப்பெட்டியைத் திறந்து காட்டுவது அரிது. பொருளியல் வகுப்பில் தேவை, அளிப்பு, மாறாச் செலவு ஆகியவற்றை விளக்க இந்த அட்டவணை எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

ஆனால், இந்த எண்களைச் செய்தியாக வாசிக்கும்போது ஒரு குழப்பம் நேர்கிறது. வசூல் ஏறினால் வெற்றி, இறங்கினால் தோல்வி என்று எழுதிவிடுகிறார்கள். நாடகம் தொடருமா, திரை விழுமா என்பதைத் தீர்மானிப்பது வசூல் அன்று. வசூலுக்கும் வாராந்திரச் செலவுக்கும் இடையிலுள்ள தொலைவு. வசூல் வெளியாகிறது. செலவு வெளியாவதில்லை. பாதி கணக்கை வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்பு எழுதப்படுகிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். இது கற்பனை அரங்கு. அளவுகள் மட்டும் நடைமுறையை ஒட்டியவை. 1,000 இருக்கைகள், வாரத்திற்கு 8 காட்சிகள். ஆக, விற்பதற்கு 8,000 இருக்கைகள். பிராட்வேயில் 8 காட்சிகள் என்பதே வழக்கம். சராசரி விலை 120 டாலர். 90 விழுக்காடு நிரம்பினால் 7,200 பேர். வசூல் 8,64,000 டாலர். நடிகர், இசைக்கலைஞர், மேடைத் தொழிலாளர் ஊதியம், அரங்க வாடகை, விளம்பரம் என வாரச் செலவு 7,50,000 டாலர் என்று கொள்வோம். மிச்சம் 1,14,000. நாடகத்தை மேடையேற்ற முதலீட்டாளர்கள் 1.5 கோடி டாலர் போட்டிருந்தால், அதை மீட்க இதே போன்ற வாரங்கள் 130க்கு மேல் தேவை. அதாவது, இரண்டரை ஆண்டுகள்.

இப்போது நிரம்பல் 75 விழுக்காடாகக் குறைகிறது. நான்கில் மூன்று பங்கு நிரம்பிய அரங்கு பார்ப்பவர் கண்ணுக்குக் கூட்டமாகவே தெரியும். வசூலோ 7,20,000 டாலர். வாரத்திற்கு 30,000 டாலர் இழப்பு. மீதி இருக்கைகளை நிரப்பத் தள்ளுபடி தொடங்கி, ஆள் கூடாமல் சராசரி விலை மட்டும் 100 டாலருக்கு இறங்கினால் இழப்பு 1,50,000. ஒரு நல்ல வாரத்தின் மிச்சத்தை ஒரு மோசமான வாரம் விழுங்கிவிட்டு மேலும் கேட்கிறது. ஆள் குறைந்தாலும் செலவு குறையாததே காரணம். அரங்கில் 400 பேர் இருந்தாலும் 1,000 பேர் இருந்தாலும் மேடையில் அதே நடிகர்கள், குழியில் அதே இசைக்குழு. விற்காத இருக்கையை நாளைக்கு எடுத்து வைக்கவும் முடியாது. திரை உயர்ந்த நொடியில் அதன் மதிப்பு பூஜ்யம். செலவில் ஓரளவு நெகிழ்வது எழுத்தாளர், இசையமைப்பாளர், இயக்குநர் ஆகியோருக்கான உரிமைத்தொகை மட்டுமே. மோசமான வாரங்களில் அவர்கள் தம் பங்கைக் குறைத்துக்கொள்வதுண்டு.

பெரிய வசூல் எவ்வளவு ஏமாற்றக்கூடும் என்பதற்கு 'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்' நல்ல சான்று. சுமார் 7.5 கோடி டாலர் செலவில் உருவான இசை நாடகம் அது. 2011 ஜூனில் முறைப்படி தொடங்கியது. அந்த ஆண்டின் இறுதி விடுமுறை வாரத்தில் 9 காட்சிகளில் 29 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்து, பிராட்வே அதுவரை கண்டிராத வாரச் சாதனையைப் படைத்தது. ஆனால், ஆட்கள் கம்பிகளில் பறக்கும் அந்த நாடகத்தை நடத்தவே வாரத்திற்கு 10 லட்சம் டாலருக்கு மேல் தேவைப்பட்டது. சாதனை வாரம் கழிந்து இரண்டே ஆண்டுகளில், 2014 ஜனவரியில், போட்ட முதலை மீட்காமலே அது முடிவுக்கு வந்தது.

அந்தச் சாதனை ஆண்டிறுதியில் நிகழ்ந்தது தற்செயல் அன்று. பிராட்வே பார்வையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வெளியூர், வெளிநாட்டுப் பயணிகள். எனவே, வசூலின் ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி நாடகத்தின் தரத்தால் வருவதன்று. விடுமுறை நாள்காட்டியால் வருவது. நவம்பரில் நன்றி நவிலல் வாரம், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரம், வசந்தகால விடுமுறை, கோடை ஆகியவை ஏறுமுகம். ஜனவரி, பிப்ரவரியும் பள்ளிகள் திறந்த பின் வரும் செப்டம்பரும் இறங்குமுகம். ஜனவரி இரண்டாம் வாரத்தில் ஒரு நாடகத்தின் வசூல் 'சரிந்தது' என்று தலைப்பிடுவது, தீபாவளி முடிந்த மறுவாரம் பட்டாசு விற்பனை சரிந்தது என்று எழுதுவது போலத்தான். முந்தைய ஆண்டின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதே முறை.

நலிந்த நாடகங்கள் இந்த நாள்காட்டியை நன்கு அறிந்தவை. கடைசி அறுவடையாக ஆண்டிறுதி வாரத்தை முடித்துக்கொண்டு, குளிர்காலப் பஞ்சம் தொடங்குவதற்கு முன் விடைபெற்றுவிடும். நமக்கு நெருக்கமான ஒரு நாடகமும் இப்படித்தான் போனது. ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் லண்டனில் 2002இல் தொடங்கிய 'பாம்பே ட்ரீம்ஸ்', 2004 ஏப்ரல் 29 அன்று பிராட்வேக்கு வந்தது. 284 காட்சிகளுக்குப் பின் அது முடிந்த நாள் 2005 ஜனவரி 1. அந்தத் தேதியைப் பார்த்ததும் பொருளியல் ஆசிரியனுக்குக் காரணம் விளங்கிவிடும்.

நாள்காட்டிக்கு அடுத்தது விலை. 2001இல் 'தி புரொடியூசர்ஸ்' வெற்றிகரமாக ஓடியபோது, நல்ல இருக்கைகளை மறுவிற்பனையாளர்கள் வாங்கிக் கொள்ளை லாபத்திற்கு விற்றார்கள். அந்த லாபம் நாடகத்திற்கே வரட்டும் என்று தயாரிப்பாளர்கள் சில இருக்கைகளுக்குத் தாங்களே 480 டாலர் என்று விலை வைத்தார்கள். அன்று அது அதிர்ச்சி. 2016இல் 'ஹாமில்டன்' இதே காரணத்தைச் சொல்லி, சிறப்பு இருக்கைகளின் விலையை 849 டாலராக உயர்த்தியது. அதே நாடகத்திற்குக் குலுக்கலில் வென்றவர்களுக்கு 10 டாலருக்கும் இருக்கை உண்டு. (அமெரிக்காவின் 10 டாலர் தாளில் இருப்பது நாடகத்தின் நாயகரான அலெக்சாண்டர் ஹாமில்டனின் படம்.) மறுபக்கம், டைம்ஸ் சதுக்கத்தில் 1973 முதல் இயங்கும் தள்ளுபடிச் சாளரத்தில், விற்காத சீட்டுகள் அன்றன்றைக்குப் பாதி விலை வரை இறங்குகின்றன. விலைப் பாகுபாடு என்று பாடநூல் சொல்வதை இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் காண்பது கடினம்.

ஆகவே, அட்டவணையில் நான் முதலில் பார்ப்பது மொத்த வசூலை அன்று. சராசரி விலையையும் நிரம்பல் விழுக்காட்டையும் சேர்த்துத்தான். நிரம்பல் குறையாமல் சராசரி விலை மட்டும் வாரத்திற்கு வாரம் இறங்கினால், அரங்கைத் தள்ளுபடியால் நிரப்புகிறார்கள் என்று பொருள். நோய் முதலில் தெரிவது அங்கேதான். எதிர்த்திசையிலும் இதே எச்சரிக்கை தேவை. 2024 இறுதி வாரத்தில் 'விக்கெட்' 9 காட்சிகளில் 50 லட்சம் டாலரைத் தாண்டிப் புதிய சாதனை படைத்தது. நாடகம் 2003இலிருந்து அதே அரங்கில் நடக்கிறது, இருக்கைகள் கூடவில்லை. கூடியது விலை. ஒரு மாதம் முன்பு வெளியான திரைப்படம் அந்த விலைக்கும் ஆள் கொண்டுவந்தது.

மொத்தப் பருவக் கணக்கிலும் இதே மாயம். பெருந்தொற்றுக்கு முந்தைய 2018-19 பருவத்தில் பிராட்வேயின் மொத்த வசூல் 183 கோடி டாலர். 2024-25இல் 189 கோடி. இது வரலாற்றுச் சாதனை என்று கொண்டாடப்பட்டது. இரு பருவங்களிலும் பார்வையாளர்கள் ஏறத்தாழ 1.47 கோடி பேர். ஆனால், இடைப்பட்ட ஆண்டுகளில் அமெரிக்காவில் விலைவாசி சுமார் 25 விழுக்காடு ஏறியிருக்கிறது. பழைய 183 கோடிக்கு நிகராக நிற்கவே 230 கோடி அளவுக்கு வசூலாகியிருக்க வேண்டும். உண்மை மதிப்பில் இது சாதனையன்று, சரிவு. வாரத் தலைப்புகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு இது கண்ணில் பட்டிருக்காது.

நட்சத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் திரையுலகைப் பார்த்தவர்களுக்கு அது புதிதன்று. 2022இல் 'ஃபன்னி கேர்ள்' நாடகத்தின் நாயகி வேடத்திற்கு லியா மிஷெல் வந்தபின் அதன் வசூல் துள்ளி எழுந்து, முதலும் மீண்டது. 2017இல் 'நட்டாஷா, பியர் அண்ட் தி கிரேட் காமெட் ஆஃப் 1812' நாடகத்திலிருந்து பாடகர் ஜாஷ் குரோபன் விலகியபின் முன்பதிவு வற்றியது. இரண்டே மாதங்களில் நாடகம் முடிந்தது. இரண்டிலும் கதை, பாடல், மேடை எதுவும் மாறவில்லை.

வேடிக்கையானது 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா'வின் முடிவு. 1988 ஜனவரியில் தொடங்கிய அந்த நாடகம், பெருந்தொற்றுக்குப் பின் செலவுக்கு ஈடுகொடுக்க முடியாமல், 2023 பிப்ரவரியோடு நிறுத்தப்படும் என்று 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்ததும் கூட்டம் அலைமோதியது. முடிவு நாள் ஏப்ரல் 16க்குத் தள்ளிப்போனது. ஒரு வாரத்திற்கு 30 லட்சம் டாலருக்கு மேல் வசூலானது. 35 ஆண்டுகள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று இருந்த ஒன்று இனி கிடைக்காது என்றானபோதுதான், தள்ளிப்போடப்பட்ட தேவை முழுவதும் ஒரே நேரத்தில் கவுண்டருக்கு வந்தது. 13,981ஆவது காட்சியோடு திரை விழுந்தது.

இனி எனக்குக் கவலை தரும் இடம். அரங்க உரிமையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையிலான ஒப்பந்தங்களில் ஒரு விதி இருக்கும். வசூல் தொடர்ந்து இரண்டு வாரங்கள் குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போனால் நாடகத்தை வெளியேற்றலாம். 41 அரங்குகளில் 33 மூன்றே குழுமங்களின் கையில் இருக்கின்றன. வெளியே புதிய நாடகங்கள் இடத்துக்காக வரிசையில் நிற்கின்றன. எனவே, இந்த விதி வெறும் காகிதமன்று. இதிலிருந்து தப்பத் தயாரிப்பாளர்களே சொந்தப் பணத்தில் சீட்டு வாங்கி வசூலை உயர்த்திக் காட்டிய கதைகளும் உண்டு. முடிவு அறிவிக்கப்பட்டால் நடிகர்களுக்குக் கிடைப்பது ஒரு வார அவகாசம். அத்தோடு நூறு குடும்பங்களின் வருமானம் நின்றுபோகலாம்.

இந்த விதியின் ஈரப்பசையற்ற தர்க்கத்தில் 'மேபி ஹேப்பி எண்டிங்' என்னும் இசை நாடகம் தப்பியிருக்க வாய்ப்பில்லை. தென் கொரியாவில் பிறந்த, கைவிடப்பட்ட இரண்டு இயந்திர மனிதர்களைப் பற்றிய சிறிய கதை. 2024 இலையுதிர் காலத்தில் அது பிராட்வேக்கு வந்தபோது, தொடக்க வாரங்களில் வசூல் 3 லட்சம் டாலர் அளவிலேயே தத்தளித்தது. அட்டவணையை மட்டும் பார்த்தவர்கள் அதை எழுதித் தள்ளிவிட்டார்கள். தயாரிப்பாளர்கள் இழப்பைத் தாங்கிப் பொறுத்திருந்தார்கள். விமர்சனங்கள் வந்தன, பார்த்தவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். சில மாதங்களுக்குள் வார வசூல் 10 லட்சத்தைத் தாண்டியது. 2025 ஜூனில் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதும் வந்தது. வாய்மொழி பரவச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த அவகாசம் கையிருப்பு உள்ளவர்களுக்கே வாய்க்கிறது.

அந்தக் கையிருப்பின் தேவை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போவதற்கு ஆழமான காரணம் உண்டு. வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியலாளர்கள் 1966இலேயே அதை விளக்கினார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரு தொழிலாளி முன்பைவிட அதிகம் உற்பத்தி செய்வார். அவருடைய ஊதியமும் உயரும். நால்வர் வாசிக்கும் இசையை இன்றும் நால்வர்தான் வாசிக்க வேண்டும். ஆனாலும், அவர்களும் அதே நகரில் வீட்டு வாடகை கொடுக்க வேண்டியவர்கள். அவர்களது ஊதியமும் உயர்ந்தாக வேண்டும். ஆகவே, நிகழ்த்துகலையின் செலவு பொது விலைவாசியைவிட வேகமாக ஏறும். அதை ஈடுகட்டக் கட்டணத்தை ஏற்றினால் உள்ளூர் ஆசிரியரும் மாணவரும் விலகிப்போகிறார்கள். விடுமுறைப் பயணிகள் மிஞ்சுகிறார்கள். வசூல் மேலும் நாள்காட்டியின் பிடிக்குள் போகிறது. பிராட்வேயில் மேடையேறும் நாடகங்களில் நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான் போட்ட முதலை மீட்கும் என்பது அத்தொழிலில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

பெருந்தொற்றால் 2020 மார்ச் 12 அன்று மூடப்பட்ட அரங்குகள் 2021இல் மீண்டும் திறந்தபோது, லீக் சிறிது காலத்திற்குத் தனித்தனி வசூலை வெளியிடவில்லை. மொத்தத் தொகையை மட்டும் தந்தது. நலிந்து நிற்கும் நாடகத்தை எண்கள் இன்னும் நலிவுறச் செய்யும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. அரங்கு காலியாகக் கிடக்கிறது என்று படித்தவர் சீட்டு வாங்கத் தயங்குவார். லண்டனில் இன்றும் நாடகவாரியாக வார வசூலை வெளியிடும் வழக்கமில்லை. ஆயினும், மறைப்பது தீர்வு என்று நான் கருதவில்லை. வெளியிடுவதை முழுமையாக வெளியிட வேண்டும். வசூலுக்குப் பக்கத்தில் வாராந்திரச் செலவு என்று இன்னொரு கட்டத்தைச் சேர்த்தால் போதும். 6 லட்சம் வசூலித்து 4 லட்சம் செலவிடும் சிறிய நாடகம் நலமாக இருப்பதும், 12 லட்சம் வசூலித்து 13 லட்சம் செலவிடும் பெரிய நாடகம் மூச்சுத்திணறுவதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

செலவு வணிக ரகசியம் என்று மறுப்பார்கள். முதலீட்டாளர்களுக்குக் கணக்கறிக்கைகள் போகத்தான் செய்கின்றன. எண்கள் அவர்கள் கையில் தயாராகவே இருக்கின்றன. மேடைக்குக் கீழே குழியில் வயலின் வாசிப்பவருக்குத்தான், தன் வேலை அடுத்த மாதம் இருக்குமா என்பதை அறிய வசூல் பட்டியலை விட்டால் வேறு வழியில்லை.