அருவிக்கு யார் அடித்த வெள்ளை?

கல்வராயன் மலையில் மேகம் அருவிக்குப் போய்வந்த மகன், செல்போனில் எடுத்த படத்தைக் காட்டியிருக்கிறான். கீழ்புத்துப்பட்டு வாசகர் ஒருவருக்கு அதில் சந்தேகம். "படத்தில் அருவி வெள்ளைவெளேரென்று இழை இழையாகத் தொங்குகிறது. நேரில் அப்படி இல்லை என்கிறான். தண்ணீருக்கு நிறமே கிடையாது என்றுதான் நாங்கள் படித்தோம். இதில் எது பொய்?" என்று கேட்கிறார்.

கேள்வி நல்ல இடத்திலிருந்து வந்திருக்கிறது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை, மரக்காணம் உப்பளமும் கல்வராயன் அருவிகளும் ஒரே விழுப்புரம் மாவட்டத்தின் இரண்டு கோடிகள். பதிலில் முக்கால்வாசி வாசகரின் ஊருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரமே அம்பாரமாகக் கிடக்கிறது.

உப்பில் நல்ல தெளிவான கல்லாகப் பார்த்து ஒன்றை எடுத்து, அச்சடித்த தாளின் மேல் வையுங்கள். அடியில் இருக்கும் எழுத்து தெரியும். அந்தக் கல்லுக்கு நிறம் கிடையாது. அதே கல்லைப் பல்லாயிரமாகக் குவித்தால் கண் கூசும் வெள்ளை. இடையில் யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. நேராக விழும் ஒளியில் உப்பின் ஒரு முகம் நூற்றில் நாலரைப் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. மிச்சம் உள்ளே போய், வளைந்து, அடுத்த முகத்தில் முட்டுகிறது. அங்கேயும் ஒரு பங்கு திரும்புகிறது. இப்படி ஆயிரம் முகங்களில் முட்டி அலைந்த ஒளிக்கு, வந்த வழியே வெளியேறுவதைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. வழியில் எந்த நிறத்தையும் உப்பு விழுங்குவதில்லை. ஒளியின் அலைநீளத்தோடு பார்த்தால் கல் மிகப் பெரியது என்பதால், வானத்தைப் போல நீலத்துக்குத் தனிச் சலுகையும் இல்லை. போனதெல்லாம் கலந்தே திரும்புகிறது. அதுதான் வெள்ளை.

நம்பாதவர்கள் ஒரு கரண்டி தூள் உப்பில் தேங்காயெண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம். வெள்ளை சட்டென்று மங்கி, ஈரக் கண்ணாடித்தூள் மாதிரி ஆகிவிடும். உப்பு அங்கேயேதான் இருக்கிறது. வெளியேறியது இடுக்குகளில் இருந்த காற்று. ஒளியை வளைப்பதில் எண்ணெயும் உப்பும் ஏறக்குறைய ஒரே ரகம் என்பதால், எல்லையைத் தாண்டும்போது ஒளி அவ்வளவாக முட்டிக்கொள்வதில்லை. ஆக, நாம் உப்பின் வெள்ளை என்று சொல்வது, உப்பும் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை.

அருவியை ஓர் உப்பளமாகவே வைத்துக்கொள்ளலாம். மேலே ஓடைதான் வாய்க்கால். தண்ணீர் தெளிவாக, அடியில் கூழாங்கல் தெரிய வருகிறது. பாறை விளிம்பைத் தாண்டியதும் விளைச்சல் தொடங்குகிறது: தகடு கிழிந்து நூலாகிறது, நூல் அறுந்து துளியாகிறது. ஒவ்வொரு துளியும் ஒரு கல். நீரின் ஒரு முகம் நூற்றில் இரண்டு பங்கு ஒளியைத்தான் திருப்பும். உப்பில் பாதிகூட இல்லை. ஆனால் கணக்கில்லாத முகங்கள். கீழே தடாகத்தில் நுரை அம்பாரம். அங்கே இன்னொரு வசதியும் உண்டு: நீருக்குள் இருக்கும் காற்றுக்குமிழியின் மேல் 49 டிகிரிக்கு மேல் சாய்வாக விழும் ஒளி முழுக்கவே திரும்பிவிடும். மண் ஏறிய உப்புக்கு விலை போகாததுபோல, வெள்ளம் வந்தால் குற்றாலமும் செம்பழுப்பாகிவிடுகிறது. ஒரே வித்தியாசம், இந்த உப்பளத்தில் மழை பெய்தால் கீற்று போட்டு மூட வேண்டாம், மழைதான் முதலீடே.

இனி படம். பத்து மீட்டர் விழுந்த துளியின் வேகம், காற்றுத் தடையைத் தள்ளிவிட்டால், நொடிக்கு 14 மீட்டர். கேமராவின் ஷட்டர் அரை நொடி திறந்திருந்தால் அந்தத் துளி ஏழு மீட்டருக்குக் கோடு போடும். லட்சம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பட்டு நெய்தாயிற்று. நொடியில் 500-ல் ஒரு பங்கு வைத்து 'தண்ணீரை உறைய வைத்தேன்' என்பவரின் படத்திலும் துளி கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். துளியைத் துளியாகப் பிடிக்க 4,000-ல் ஒரு பங்காவது வேண்டும். அரை நொடியானாலும் ஐந்நூறில் ஒன்றானாலும் கேமரா கூட்டல்தான் போடுகிறது. எவ்வளவு நேரம் கூட்டுவது என்பதில்தான் தகராறு. மகனின் செல்போன் பல சிறு படங்களை அடுக்கிச் சராசரி எடுத்திருக்கும். விளம்பரம் அதற்கு என்ன பெயர் வைத்தாலும், உள்ளே நடப்பது ஐந்தாம் வகுப்புச் சராசரி.

கண் இரண்டு மாதிரியும் பார்க்காது. விளிம்பில் ஒரு நீர்த்திரளைக் குறிவைத்து, அதோடேயே பார்வையைக் கீழே இறக்கிப் பாருங்கள். தலை தடித்து, வால் சிதறி, தனித்தனியாக விழும் திரள்கள் தெரியும். பட்டு எங்கேயும் இல்லை.

வரலாறு இல்லாமல் கட்டுரையை விடமாட்டார்கள். 1921-ல் கப்பலில் இந்தியா திரும்பிய சி.வி. ராமன், நிக்கோல் பட்டகம் ஒன்றின் வழியாகக் கடலைப் பார்த்து, மேற்பரப்பில் பிரதிபலிக்கும் வான ஒளியை வடிகட்டிவிட்டார். நீலம் போகவில்லை, இன்னும் தெளிவானது. அருவிக்குப் போகிறவர்கள் லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் அந்தப் பட்டகத்தின் பேரப்பிள்ளை. ஈரப்பாறையின் பளபளப்பை அது அடக்கும், இலையின் பச்சையைக் கூட்டிக் காட்டும். அருவியின் வெள்ளையை மட்டும் தனியாக வடிகட்ட அதனால் முடியாது. ஆயிரம் முட்டல்களில் ஒளி தன் திசை ஒழுங்கை இழந்துவிட்டதால் பிரித்தெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

வெள்ளையைக் காப்பாற்றக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துத்தான் கேமரா ஒளியை அளக்கிறது. அதனால் உச்சிவெயிலில் உப்பளத்தைப் படமெடுத்தால் உப்பு அழுக்காகத் தெரியும். ஒளியைக் கூட்ட வேண்டும். இருண்ட காட்டுக்கு நடுவே அருவியை எடுத்தால் தலைகீழ்: காட்டைப் பார்த்து ஏமாந்து, வெள்ளையை வெந்துபோக விட்டுவிடும், குறைக்க வேண்டும். செல்போன் திரையில் அருவியைத் தொட்டு, விரலைக் கீழே இழுத்தால் போதும். மேகமூட்டமான நாள் என்றால் பாதி வேலை மிச்சம்.

இன்னொன்று. வெள்ளை என்றால் காற்று. தடாகத்தில் அருவி விழும் இடத்து நுரையில் ஐந்தில் ஒரு பங்கு காற்று என்று வைத்துக்கொண்டால், அங்கே ஒரு லிட்டர் 'தண்ணீர்' 800 கிராம்தான் இருக்கும். மனித உடல் லிட்டருக்கு ஒரு கிலோவை ஒட்டியது. உப்பு நீரில் மிதந்து பழகிய மரக்காணத்துப் பையன் அங்கே மிதக்கமாட்டான். செல்ஃபிக்கு எல்லோரும் இறங்குவதோ அந்த வெள்ளையில்தான்.