கைக்குப் பொருந்தும் கையுறை

இருசக்கர ஊர்தியிலிருந்து சரிந்து விழும் ஒருவருக்கு, முதலில் தரையைத் தொடுவது பெரும்பாலும் உள்ளங்கைதான். விழுகிறோம் என்று மனம் உணர்வதற்கு முன்பே கை நீண்டு தரையில் ஊன்றிவிடுகிறது. அது எண்ணிச் செய்யும் செயலன்று; முகத்தையும் மார்பையும் காப்பதற்காக உடல் தானாகவே செய்வது. தலைக்கவசத்தின் தேவையைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர், பேசவும் வேண்டும். ஆனால் தரையில் முதலில் மோதும் கையைப் பற்றிய பேச்சு அரிதாகவே காதில் விழுகிறது. ஆகவே இம்முறை தோல் கையுறையைப் பற்றி, குறிப்பாக அது கைக்குப் பொருந்த வேண்டியதன் தேவையைப் பற்றி எழுத முற்பட்டோம்.

நோயாளிகளைக் காட்டிலும் அவர்களுக்குத் துணையிருப்போரை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறோம். மேலூர், திருமங்கலம், சோழவந்தான், உசிலம்பட்டி ஆகிய ஊர்களிலிருந்தும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் இருசக்கர ஊர்தியில் மதுரைக்கு வந்து செல்வோர் பலர். உசிலம்பட்டியிலிருந்து வருபவர் ஒரு வழிக்கு மட்டும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடக்கிறார். இரவெல்லாம் கண்விழித்துவிட்டு விடியலில் வீடு திரும்புவோரும் உண்டு. சாப்பாட்டுப் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு விரைந்து வருவோரும் உண்டு. களைப்பும் பரபரப்பும் சேர்ந்தால் ஒரு குழியோ, சிதறிக் கிடக்கும் மணலோ போதும், வண்டி சறுக்கிவிடும். துணையிருப்பவரின் கை காயப்பட்டால் நோயாளியைத் தூக்கி அமர்த்தவும் ஊட்டிவிடவும் ஆளில்லாமற் போகும்.

உள்ளங்கைத் தோலின் தனித்தன்மை

உள்ளங்கைத் தோல் உடலின் பிற பகுதித் தோலைப் போன்றதன்று. அது தடித்தது, முடியற்றது. அடியிலுள்ள திசுவோடு உறுதியாகப் பிணைந்திருப்பதால், ஒரு பொருளை இறுகப் பிடிக்கும்போது வழுகாமல் நிற்கிறது. விரல்நுனிகளில் தொடுவுணர்வு மிக நுட்பமாக உள்ளது. தார்ச்சாலையில் தேய்ந்து இந்தத் தோல் ஆழமாகப் பறிபோனால், தொடையிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ எடுத்து ஒட்டும் தோல் காயத்தை மூடும். பழைய பிடிப்பையும் நுண்ணிய உணர்வையும் அதனால் முழுமையாகத் தர இயலாது. காயம் ஆறும்போது தழும்பு சுருங்கி விரல்கள் மடங்கியே நின்றுவிடுவதும் உண்டு.

மல்லிகைச் சரம் தொடுப்பவருக்கும், சுங்குடிச் சேலைக்கு முடிச்சிடுபவருக்கும், தறியில் அமர்பவருக்கும், தையற்காரருக்கும் விரல்நுனிதான் முதலீடு. அவர்கள் இழப்பது சில வாரக் கூலியை மட்டுமன்று. சில வேளைகளில் கற்ற தொழிலையே இழக்க நேர்கிறது.

துணியா, தோலா?

வெயிலுக்கு அஞ்சி முழங்கை வரை நீளும் பருத்திக் கையுறை அணிந்து வண்டி ஓட்டும் பெண்களை மதுரைத் தெருக்களில் நாள்தோறும் காணலாம். அது வெயிலைத் தடுக்கும். சாலையின் உராய்வைத் தாங்காது. மெல்லிய துணி நொடிப்பொழுதில் கிழிந்துவிடும். செயற்கை இழையாயின் உராய்வின் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். விரல்நுனி வெட்டப்பட்ட கையுறைகள், காக்க வேண்டிய இடத்தையே திறந்து விடுகின்றன. இரும்புக்கடைகளில் கிடைக்கும் வெல்டிங் கையுறை தோலால் ஆனதே. ஆயினும் தடித்தும் தளர்ந்தும் இருப்பதால், அதை அணிந்து பிரேக் பிடிப்பது ஆபத்து.

தோலின் சிறப்பு அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. துணியில் இழைகள் நெடுக்கும் குறுக்குமாகவே ஓடுகின்றன. ஓரிழை அறுந்தால் கிழிசல் நீள்கிறது. தோலிலோ நார்கள் எல்லாத் திசைகளிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஓரிடம் தேய்ந்தாலும் அடுத்த அடுக்கு தாங்குகிறது. கையுறைக்கு வெள்ளாட்டுத் தோல் மிகவும் ஏற்றது. மெல்லியதாயினும் வலுவானது, விரலோடு சேர்ந்து வளையக்கூடியது. மாட்டுத் தோல் இன்னும் தடித்தது. காப்பு மிகுதி, ஆயினும் பழக நாளாகும்.

இத்தொழில் நமக்கு அயலானதன்று. மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டுக்கல், பூட்டுக்குப் பேர்போனது போலவே தோல் பதனிடும் தொழிலுக்கும் பேர்போன ஊர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் பழைய முறை தமிழகத்தில் நெடுங்காலம் செழித்தது. இன்று பெரும்பாலான தோல் குரோமிய உப்பால் பதனிடப்படுகிறது. அது மென்மையையும் நீரைத் தாங்கும் தன்மையையும் தருகிறது. வடக்கே ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோற்பொருள்களை உலகெங்கும் அனுப்புகின்றன. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் தொடங்கப்பட்டது.

வண்டிப்பெட்டியில் தூங்கும் கையுறை

நல்ல தோல் கையுறை வாங்கியவர்களும் அதை அணிவதில்லை என்பதே உண்மையான சிக்கல். காரணம் கேட்டால் இறுக்குகிறது, விரல்நுனியில் தொங்குகிறது, தையல் உறுத்துகிறது, கை வேர்க்கிறது என்பார்கள். இவற்றுள் வேர்வையைத் தவிர மற்ற மூன்றும் அளவு பொருந்தாமையால் வருபவை. பொருந்தாத கையுறை வண்டிப்பெட்டிக்குள் போய்விடுகிறது. விழும் நாளில் அது அங்கேதான் இருக்கும். எனவே விலையையும் தோற்றத்தையும் பார்ப்பதற்கு முன் அளவைப் பாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அளவெடுப்பது எளிது. தையற்காரரின் அளவுநாடா ஒன்று போதும். அதிகம் புழங்கும் கையை விரித்து, பெருவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் அடிமூட்டுகளைச் சுற்றி நாடாவை இறுக்காமல் வையுங்கள். கிடைக்கும் அங்குலமே பெரும்பாலும் கையுறையின் எண். 7 அங்குலம், அதாவது ஏறத்தாழ 18 செ.மீ. எனில் 7ஆம் எண்; 8 அங்குலம், அதாவது 20 செ.மீ. எனில் 8ஆம் எண். 9 அங்குலம், அதாவது 23 செ.மீ. எனில் 9ஆம் எண். நடுவிரலின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை பொருந்தி விரல் பொருந்தாத நிலை பலருக்கும் உண்டு. ஆண்களின் அளவுக்குத் தைத்ததை வாங்கும் பெண்களுக்கு இத்தொல்லை மிகுதி. எழுத்தால் அளவு குறிக்கும் நிறுவனங்களில் ஒன்றின் ‘எம்’ மற்றொன்றின் ‘எல்’ ஆக இருக்கக்கூடும். ஆகவே அணிந்து பாராமல் வாங்க வேண்டா.

அணிந்து பார்க்கும்போது

மாலை வேளையில் கடைக்குச் செல்லுங்கள். பகல் முழுதும் உழைத்த கை சற்றே பருத்திருக்கும். இரு கைகளிலும் அணிந்துகொண்டு, கையை விரித்து நிற்பதோடு நிறுத்தாமல், கடை வாசலில் நிற்கும் உங்கள் வண்டியின் கைப்பிடியைப் பற்றிப் பாருங்கள். கையுறை வேலை செய்யப்போவது அந்நிலையில்தான்.

விரல்நுனிக்கும் கையுறையின் நுனிக்கும் இடையே நூலளவு இடைவெளி இருக்கலாம்; மடியும் அளவுக்கு நீளம் இருத்தல் கூடாது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவட்டில் தோல் இழுபடக் கூடாது. உள்ளங்கையில் துணியோ தோலோ திரண்டு மடிப்பு விழக் கூடாது; அம்மடிப்பே 20 கிலோமீட்டருக்குள் கொப்புளமாகும். இரண்டு விரல்களால் பிரேக்கையும் கிளட்சையும் பிடித்து விடுங்கள். விளக்கு, ஒலிப்பான் பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். இறுதியாக மணிக்கட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு, உடன் வந்தவரை விரல்நுனியைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அதை வாங்க வேண்டா. சாலையில் சறுக்கும்போதும் அது கழன்றுவிடும்.

தோல் பழகப் பழக அகலத்தில் சற்றே நெகிழும். நீளத்தில் அவ்வளவாக நெகிழாது. ஆகவே புதிதில் அகலம் சிறிது இறுக்கமாக இருப்பது குற்றமன்று. விரல் நீளம் குறைவாக இருப்பது குற்றமே. உள்ளங்கையின் அடிப்பகுதியில் இரட்டைத் தோலோ வழுக்கும் கட்டியான தகடோ இருத்தல் நலம். ஊன்றும் கை தரையில் குத்தி நிற்காமல் வழுகிச் செல்ல அது உதவும். ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் கையுறைகளுக்கென்றே இ.என். 13594 என்னும் தரவிதி உண்டு. அந்த எண் பொறித்த கையுறை உராய்வு, தையல் வலிமை, கழன்று வராமை ஆகியவற்றுக்குச் சோதிக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

உடல்நலக் குறைவு உள்ளவர்கள் கவனிக்க

நீரிழிவால் கைகளில் மதமதப்பு உள்ளவர்களும் தொழுநோயால் உணர்வு குன்றியவர்களும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவதற்குப் பெருங்காரணம் நோய் தசையைத் தின்பதன்று, வலி உணரப்படாமையால் மீண்டும் மீண்டும் ஏற்படும் காயங்களே என்று கண்டு காட்டினார். அப்பாடம் கையுறைக்கும் பொருந்தும். உள்ளே கிடக்கும் சிறு கல்லும் உறுத்தும் தையலும் வலி அறியாத கையில் புண்ணை உண்டாக்கும். அணியுமுன் கையுறையை உதறுங்கள். கழற்றியதும் கையின் இருபுறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். பிடியின் அளவை உணர முடியாதவர்கள் வண்டி ஓட்டலாமா என்பதை மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.

மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போகும் கார்ப்பல் டன்னல் தொல்லை உள்ளவர்கள், மணிக்கட்டை இறுக்கும் பட்டையையும் உள்ளங்கை நடுவில் தடித்த மெத்தை உள்ளதையும் தவிர்க்கலாம். ஓட்டும்போது விரல்கள் மரத்தால் வண்டியை ஓரமாக நிறுத்திக் கையை உதறி இளைப்பாறுங்கள். அடிக்கடி அவ்வாறு நேர்ந்தால் அளவு மாற்றுவதோடு நில்லாமல் மருத்துவரையும் காணுங்கள்.

கையுறை அணிந்த பின் தோல் அரித்துச் சிவந்தால் குரோமிய ஒவ்வாமையாக இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதம் முதல், தோலில் படும் தோற்பொருள்களில் அறுமதிப்புக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என வரையறுத்துள்ளது. இவ்வொவ்வாமை உள்ளவர்கள் பட்டையால் பதனிட்ட தோலைக் கேட்டு வாங்கலாம். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை அணிவதும் துணைசெய்யும்.

கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருப்போர் வண்டி ஓட்டவே கூடாது. கட்டுப் பிரித்த பின்னும், வலியின்றிப் பிரேக்கை முழு விசையுடன் பிடிக்க இயலுமா என்று இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

வெயிலும் வேர்வையும்

சித்திரை, வைகாசி வெயிலில் மதுரைச் சமவெளியில் தோல் கையுறை அணிவது எளிதென்று நாங்கள் சொல்லமாட்டோம். புறங்கையிலும் விரல்களின் பக்கவாட்டிலும் சிறு துளைகள் இட்ட தோல் காற்றை உள்ளே விடும்; உள்ளங்கையில் மட்டும் துளையற்ற தோல் இருக்கட்டும். வெயிலில் நின்ற வண்டியின் பிரேக் கம்பி சுடும்போது அதே கையுறை கையைக் காக்கும்.

வேர்த்த கையுறையைக் காற்றோட்டமான நிழலில் விரித்துக் காயவிடுங்கள். நேர்வெயிலிலோ இன்ஜின் மீதோ வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். அழுக்கை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். சோப்புத்தூளில் ஊறவைக்க வேண்டா. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் உள்ளே தாள் திணித்து உருக்குலையாமல் உலர்த்துங்கள். தையல் விட்டாலோ உள்ளங்கை மெலிந்தாலோ மாற்றிவிடுங்கள். ஒருமுறை விழுந்து தேய்ந்ததை மீண்டும் நம்ப வேண்டா. பின்னால் அமர்ந்து செல்பவரும் விழுவார். அவர் கைக்கும் ஒரு சோடி தேவை.

விழுந்துவிட்டால்

மோதிரம், வளையல்களைக் கை வீங்குமுன் கழற்றிவிடுங்கள். கையுறை எளிதில் வரவில்லையெனில் இழுக்க வேண்டா. மருத்துவமனையில் வெட்டி எடுப்பார்கள். சிராய்ப்பைத் தூய நீரை ஓடவிட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், பற்பசை எதையும் அப்ப வேண்டா. மண்ணும் தாரும் தோலுக்குள் தங்கிவிட்டால் புண் சீழ்பிடிக்கும். ஆறினாலும் கறை நிலைத்துவிடும். தனுர்வாதத் தடுப்பூசி தேவையா என்று கேட்டறியுங்கள்.

கையுறை தோலைக் காக்கும். எலும்பு முறிவை எப்போதும் தடுக்காது. ஊன்றிய கையில், பெருவிரலின் அடியில் மணிக்கட்டை ஒட்டிய குழிவில் அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். அங்குள்ள ஸ்கேஃபாய்டு என்னும் சிறு எலும்பின் முறிவு முதல் எக்ஸ்-ரேயில் தெரியாமலும் போகலாம். வெறும் சுளுக்கு என்று விட்டுவிட்டால், குருதியோட்டம் குறைந்த அவ்வெலும்பு கூடாமல் நின்று மணிக்கட்டை நிலையாகக் கெடுத்துவிடும். எனவே மருத்துவர் பத்து, பதினைந்து நாட்களில் மீண்டும் வரச் சொன்னால் தவறாமல் வாருங்கள்.

வீட்டில் கையுறை இருந்தால் இன்று மாலை அதை எடுத்து அணிந்து, வண்டியின் கைப்பிடியைப் பற்றிப் பாருங்கள். பொருந்தினால் நாளை முதல் சாவியோடு சேர்த்து மாட்டி வையுங்கள். பொருந்தாவிட்டால் அளவுநாடாவை எடுங்கள்.