கை நிற்க ஒரு கட்டிங்

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மார்கழிக் காலை. டீக்கடை பெஞ்சில் ஒருவர் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். குளிர் என்றுதான் நினைப்போம். வெயில் ஏறினாலும் அந்த நடுக்கம் நிற்காது. ராத்திரி குடித்தது உடம்பைவிட்டு இறங்குகிறது. "ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும்" என்பார்.

அரசு மதுக்கடையான டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. எஸ்டேட் வேலை அதுவரை காத்திருக்காது. ஆகவே பிளாக்கில் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறார். குடிக்காமல் இருக்கவே முடியாதவர்தான் அதிக விலை கொடுக்கிறார்.

'கொழுப்பெடுத்துக் குடிக்கிறான்' என்று ஊர் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மூட்டை தூக்கிய இடுப்பு வலிக்குத்தான் முதலில் குடிக்கிறார்கள். பழகிய உடம்புக்குப் பழைய அளவு போதாது, அரைக் குவார்ட்டரான கட்டிங் முழுக் குவார்ட்டராகும். காசு குறைந்தால் குவார்ட்டரில் பாதிக்குப் பங்காளி கிடைத்துவிடுவார். கூட வேலை செய்கிறவரும் கூடக் குடிக்கிறவரும் ஒரே ஆள்தான். குடியை விட்டால் கூட்டும் போய்விடும். பறிப்பு முடிந்து வேலை குறையும் மாதங்களில் கடனும் சும்மா இருக்கும் பொழுதும் சேர்ந்து அளவை இன்னும் ஏற்றுகின்றன.

விலை குறைவாக, விடியும் முன்பே கிடைப்பது பாக்கெட் சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பெரும்பாலும் தினக்கூலிகள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கும் பலரைத் தூக்கிவந்தார்கள்.

இதே சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. இன்று அந்த வரியும் வேறு பெயர்களில் இருக்கிறது, மதுவும் இருக்கிறது: 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் ஒரு துளியாவது சிகிச்சையாக இந்த மலைக்குத் திரும்பி ஏற வேண்டும் என்று கேட்கிறேன்.

ஏனென்றால், முற்றிய குடியை ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாதவர்கள் கண்முன் நிற்பார்கள். உயிரே போகலாம். 'வைராக்கியமா இரு' என்று வீட்டில் பூட்டி வைப்பது ஆபத்து. மாத்திரையும் கண்காணிப்பும் வேண்டும். அதற்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போக வேண்டும். தனியாக அனுப்ப முடியாத நிலையில் மனைவியும் பஸ் ஏறுகிறாள். அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு கூலி இல்லை.