காவல் நிலையத்துக்கும் தரச் சான்றிதழ் தேவையா?

சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஒரு மாமி, காலையில் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாமிக்கு இந்தி சரளமாக வராது. துணைக்கு நான் போனேன்.

காவல் நிலையத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மரியாதையில் குறையில்லை. ஆனால் கொடுத்த தாளில் 'சங்கிலி தொலைந்துவிட்டது' என்று எழுதியிருந்தது! பறிப்பு என்றால் வழக்குப் பதிந்து புலன்விசாரணை செய்ய வேண்டும்; தொலைந்தது என்றால் ஒரு முத்திரையோடு வேலை முடிந்தது.

எழுதிக் கொடுத்த முன்ஷியின் தலைக்கு மேல் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் தொங்கியது. உற்றுப் பார்த்தேன். காலாவதியாகி ஓராண்டு ஆகியிருந்தது.

"தொழிற்சாலைக்குத்தானே இதெல்லாம்? போலீசுக்கு எதற்கு?" என்று வெளியே வந்ததும் மாமி கேட்டார். நியாயமான கேள்வி.

ஐ.எஸ்.ஓ. 9001 என்பது 1987இல் வெளிவந்த பொதுவான தர முறை. ஓர் அலுவலகம் தன் வேலைமுறையை எழுதி வைத்திருக்கிறதா, எழுதியபடி நடக்கிறதா என்பதையே அது பார்க்கிறது. சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும்; இடையில் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. நம் நாட்டில் பல காவல் நிலையங்கள் இதைப் பெற்றுள்ளன.

காவல் பணிக்கென்றே தனி அங்கீகாரம் அமெரிக்காவில் இருக்கிறது. 1979இல் நான்கு காவல்துறைச் சங்கங்கள் சேர்ந்து 'கேலியா' என்ற ஆணையத்தை அமைத்தன. இது அரசு அமைப்பு அல்ல, சேருவதும் கட்டாயமல்ல. பலப்பிரயோகம், ஆள் தேர்வு, சாட்சிப் பொருள் பாதுகாப்பு, பொதுமக்கள் புகார் என்று நானூறுக்கும் மேற்பட்ட விதிகள். துறை முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. பிறகு வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வருகிறார்கள். பொதுமக்களும் கருத்துச் சொல்லலாம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

இதனால் என்ன பயன்? முதலாவது, நல்ல அதிகாரி மாற்றலாகிப் போனாலும் நல்ல பழக்கம் போகாது; அது ஏட்டில் இருக்கிறது. இரண்டாவது, மால்கானாவில் வைத்த பொருளுக்கு யார் எடுத்தார், எப்போது வைத்தார் என்ற கணக்கு இருந்தால் வழக்கு நீதிமன்றத்தில் நிற்கும். மூன்றாவது, புகார்களைத் தொகுத்துப் பார்ப்பதால் ஒரே ஆள்மீது திரும்பத் திரும்ப வருவது மேலதிகாரி கண்ணில் படும். விதிப்படி நடந்த காவலருக்கும், வீண்பழி வரும்போது அந்த ஏடே கவசம்.

இதில் மாயமில்லை. அங்கீகாரம் பெற்ற துறைகளிலும் தவறுகள் நடந்திருக்கின்றன. தணிக்கைக்கு முந்தின நாள் மட்டும் ஏடுகளை நிரப்பும் வித்தை எல்லா நாட்டுக்கும் பொது!

நம் உள்துறை அமைச்சகம் ஆண்டுதோறும் சிறந்த காவல் நிலையங்களைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் மணிப்பூரின் நோங்போக் செக்மாய் முதலிடமும், நம் சேலம் சூரமங்கலம் அனைத்து மகளிர் காவல் நிலையம் இரண்டாமிடமும் பெற்றன. பெருமைதான். ஆனால் பந்தயத்தில் சிலரே ஜெயிக்க முடியும். அங்கீகாரமோ பரீட்சை, எல்லோரும் தேறலாம், தேறவும் வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலிருந்தே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆகவேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, எழுதியதை நமக்குப் படித்துக் காட்ட வேண்டும். நகலை இலவசமாகத் தரவேண்டும். மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்; அதற்கும் பலனில்லையேல் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இவை அன்றாடம் நடக்கின்றனவா என்று வெளியார் வந்து பார்ப்பதுதான் நமக்கு இல்லாத குறை.

நாங்கள் மேலதிகாரிக்கு எழுதினோம். நான்காம் நாள் வழக்குப் பதிவாயிற்று. சங்கிலி இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அது 'தொலைந்தது' அல்ல, பறிக்கப்பட்டது என்று அரசாங்க ஏட்டில் இருக்கிறது. மொழி தெரியாத ஊரில் வாழும் நமக்கு அதுவே பெரிய பலம். அடுத்த முறை எந்த நிலையத்துக்குப் போனாலும், கையெழுத்திடுமுன் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சுவரிலுள்ள சான்றிதழின் தேதியையும் பாருங்கள்.