மார்பகப் புற்றுநோய்த் தடுப்பூசி: கையெழுத்துப் போடும் முன்

“மார்பகப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டார்கள்” என்ற செய்தி அடிக்கடி நம் புலனக் குழுக்களைச் சுற்றி வருகிறது. மலாக்காவில் செங், பாயா ரும்புட், மாலிம் பக்கத்துத் தாமான்களில் எந்த வீட்டில் நோயாளி இருக்கிறாரோ அந்த வீட்டுக்குத்தான் அது முதலில் போய்ச் சேரும். “இங்க எங்கயாவது கிடைக்குமா அக்கா?” என்ற கேள்வியும் கூடவே வரும்.

கிடைக்காது. மார்பகப் புற்றுநோய்த் தடுப்பூசி எதற்கும் எந்த நாடும் இன்னும் அனுமதி தரவில்லை. இப்போது நடப்பதெல்லாம் கிளினிக்கல் டிரயல் எனப்படும் மருந்தாய்வு. அதில் சேர்கிறவர் சிகிச்சை வாங்கப் போகவில்லை. ஒரு கேள்விக்கு விடை தேடத் தன் உடம்பைக் கொடுத்து உதவப் போகிறார். அந்த உதவியால் அவருக்கும் பலன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி இருக்கிறதே, 2010 முதல் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற கிருமி. வெளியிலிருந்து வரும் கிருமியை அடையாளம் காட்டிவிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை விரட்டிவிடும். மார்பகப் புற்றுநோயில் அப்படி ஒரு கிருமி இல்லை. கெட்டுப்போனது நம் சொந்த உயிரணுதான். எதிர்ப்புச் சக்தி அதை வீட்டு ஆளாகவே நினைத்து விட்டுவிடுகிறது. அந்த அணுவில் மட்டும் இருந்து, நல்ல அணுக்களில் இல்லாத ஓர் அடையாளத்தைக் கண்டுபிடிப்பதில்தான் ஆராய்ச்சியாளர்களின் பாதி ஆயுள் போகிறது.

அமெரிக்காவின் கிளீவ்லன்ட் கிளினிக்கைச் சேர்ந்த வின்சென்ட் டூஹி அப்படி ஓர் அடையாளத்தைத் தாய்ப்பாலில் கண்டார். ஆல்ஃபா-லாக்டால்புமின் என்ற புரதத்தை மார்பகம் பால் சுரக்கும் காலத்தில் உற்பத்தி செய்கிறது. பிள்ளை பால்குடி மறந்தபின் நிறுத்திவிடுகிறது. ஆனால் ‘டிரிப்பிள் நெகட்டிவ்’ என்ற முரட்டு வகைப் புற்றுக் கட்டிகள் பலவற்றில் அந்தப் புரதம் மறுபடி தலைகாட்டுகிறது. பால் கொடுக்கும் வயதைத் தாண்டிய பெண்ணின் மார்பில் இந்தப் புரதம் தெரிந்தால் அதைத் தாக்கும்படி எதிர்ப்பு அணுக்களைப் பழக்கிவிட்டால் என்ன? இந்த யோசனை எலிகளிடம் பலித்ததை 2010-இல் அவர் வெளியிட்டார். மனிதர்களிடம் முதல் ஊசி போட 2021 ஆகிவிட்டது. 2023 ஜனவரியில் டூஹி காலமானார், ஆய்வு தொடர்ந்தது.

மனிதர்களிடம் நடந்த அந்த ஆய்வின் முதல் கட்டத்தில் சேர்ந்தவர்கள் யார் என்று பார்த்தால் நம் புலனச் செய்தி சொல்லாத விஷயம் தெரியும். மொத்தமே 35 பேர். டிரிப்பிள் நெகட்டிவ் நோய்க்குச் சிகிச்சை முடித்து, கட்டி இல்லாமல் இருந்தவர்கள் ஒரு பிரிவு. அறுவைக்குப் பிறகு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இன்னொரு பிரிவு. பி.ஆர்.சி.ஏ. போன்ற மரபணுக் கோளாறு இருப்பதால் நோய் வருமுன்பே மார்பகத்தை எடுத்துவிட முடிவு செய்த பெண்கள் மூன்றாவது பிரிவு. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசிகள். பத்தில் ஏழு பேருக்கு மேல் எதிர்ப்பு அணுக்கள் விழித்துக்கொண்டன. ஊசி போட்ட இடத்தில் தடிப்பும் எரிச்சலும்தான் பெரும்பாலோருக்கு வந்த தொந்தரவு. நல்ல சேதிதான். ஆனால் எதிர்ப்பு அணு விழிப்பது வேறு, நோய் திரும்பாமல் இருப்பது வேறு. இரண்டாவதைச் சொல்ல இன்னும் பெரிய ஆய்வுகளும் ஆண்டுக்கணக்கான காத்திருப்பும் வேண்டும்.

முதல் கட்டத்தில் நம்பிக்கை தந்தவை பின்னால் கவிழ்ந்த கதைகளும் உண்டு. நியூவாக்ஸ் என்ற தடுப்பூசியை 758 பெண்களிடம் மூன்றாம் கட்டமாகச் சோதித்தார்கள். போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பலனில் வித்தியாசம் தெரியாததால் 2016-இல் நிறுத்திவிட்டார்கள். தைவானில் உருவான ஓ.பி.ஐ.-822 தடுப்பூசி, நோய் பரவிய நிலையில் இருந்த ஏறக்குறைய 350 பெண்களிடம் சோதிக்கப்பட்டது. தைவான், கொரியா, ஹாங்காங் என்று நம் வட்டாரத்துப் பெண்களும் இந்தியப் பெண்களும் அதில் இருந்தார்கள். எதிர்பார்த்த பலன் மொத்தத்தில் வரவில்லை. இந்தச் செய்திகள் எந்தக் குழுவிலும் பகிரப்படுவதில்லை என்பது வேறு கதை.

இப்படிப்பட்ட பெரிய ஆய்வுகளில் கூட்டத்தை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான தடுப்பூசி, மற்றதற்கு வெறும் ஊசியோ வழக்கமான மருந்தோ. யாருக்கு எது என்பது குலுக்கல். பெரும்பாலும் டாக்டருக்கே தெரியாது. “எனக்கு நிஜ ஊசியையே போடச் சொல்லுங்கள்” என்று சிபாரிசு பிடிக்க வழியில்லை.

பிரித்துப் பார்க்கும் இந்த முறை மலாயாவுக்குப் புதிதல்ல. 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்குச் சயாம் பச்சரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல் அரிசி. பச்சரிசிப் பக்கத்தில் பெரிபெரி நோய் கண்டு 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் அந்த நோயால் ஒரு சாவும் இல்லை. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களைப் பெரிபெரி அதிகம் தொடவில்லை என்பதை அன்றைய டாக்டர்கள் கவனித்ததும் அரிசியால்தான் நோய் வருகிறதோ என்ற சந்தேகத்துக்கு ஒரு காரணம். உலக மருத்துவத்துக்கு உதவிய ஆய்வுதான். ஆனால் அந்த வரிசையில் நின்ற ஒருவரிடமாவது “உனக்குச் சம்மதமா?” என்று கேட்டிருப்பார்களா?

இன்று கேட்டே ஆக வேண்டும். மலேசியாவில் புதிய மருந்தை மனிதரிடம் சோதிக்க என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் வேண்டும்; சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடப்பதாக இருந்தால் எம்.ஆர்.இ.சி. என்ற நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகுதான் உங்கள் கைக்கு விளக்கத்தாளும் சம்மதப் படிவமும் வரும். பக்கம் பக்கமாக இருக்கும். மலாயோ ஆங்கிலமோ சரளமாக வராவிட்டால் தமிழில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். படிக்கத் தெரியாத அம்மா ஒருவர் கைநாட்டு வைக்கிறார் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். சுயநினைவோடு இருக்கும் பெண்ணுக்காகக் கணவரோ மகனோ முடிவு செய்ய முடியாது. தோட்டக் காலத்தில் டிரெஸர் என்ற மருத்துவ உதவியாளர் நீட்டிய மருந்தை மறுபேச்சில்லாமல் விழுங்கிய பழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்தது. டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கத்தில் அது இன்னும் நம் வீடுகளில் மிச்சம் இருக்கிறது.

வேண்டாம் என்று சொன்னாலும், பாதியில் விலகினாலும் உங்கள் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. ஊசியால் பாதிப்பு வந்தால் செலவை யார் ஏற்பார் என்று படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். பயணச் செலவு தருவார்களா, எத்தனை முறை ரத்தம் எடுப்பார்கள், அந்த ரத்தம் எங்கே போகும், எத்தனை ஆண்டு தொடர்ந்து வரச் சொல்வார்கள் என்றெல்லாம் கேளுங்கள். செங் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஆய்வு கோலாலம்பூரில் என்றால் மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறி, போக வர ஒரு நாள் போய்விடும். எம்.சி. கிடைக்குமா, சம்பளம் பிடிப்பார்களா என்பதும் பெயர் கொடுக்குமுன் யோசிக்க வேண்டிய கணக்கு. பணம் கட்டினால் தடுப்பூசி போடுகிறோம் என்று யாராவது அழைத்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆய்வில் சேர விருப்பம் இருந்தால் முதலில் உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் கேளுங்கள். எந்த வகைக் கட்டி, எந்தக் கட்டம், என்ன மருந்து எடுத்தீர்கள் என்பதை வைத்துத்தான் உங்களைச் சேர்க்கலாமா என்று பார்ப்பார்கள்; ஆகவே பயாப்சி அறிக்கையின் நகல் கையில் இருக்கட்டும். நாட்டில் நடக்கும் ஆய்வுகளைப் பற்றி, சுகாதார அமைச்சின் கீழ் 2012-இல் தொடங்கிய கிளினிக்கல் ரிசர்ச் மலேசியாவிடமும் விசாரிக்கலாம். தடுப்பூசி ஆய்வு இல்லாவிட்டாலும் புதிய மருந்துக்கான ஆய்வு ஏதாவது உங்களுக்குப் பொருந்தலாம்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. மலேசியாவில் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம் நான்காம் கட்டத்தில்தான் டாக்டரிடம் வருகிறார்கள். தடுப்பூசி ஆய்வுகள் பலவும் தேடுவது சீக்கிரம் கண்டுபிடித்துச் சிகிச்சை முடித்தவர்களை. கட்டி தட்டுப்பட்டும் மாசி மகம் முடியட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவருக்கு இந்த ஆய்வுகளின் கதவும் சேர்ந்தே மூடிக்கொள்கிறது.

சேர்ந்துவிட்டீர்கள் என்றால், கையெழுத்திட்ட படிவத்தின் பிரதி ஒன்றை வாங்காமல் வராதீர்கள். அதில் ஆய்வு டாக்டரின் தொலைபேசி எண் இருக்கும். காய்ச்சலுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனாலும் அதைக் காட்டிவிட்டே மருந்து வாங்குங்கள்.