சீதன வீடும் கணவரின் கையொப்பமும்

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீடுகள். அவற்றில் ஆறு, என் பூட்டியின் ஒரே வளவு பிரிந்து பிரிந்து உருவானவை. பெரியம்மாவின் வீட்டு உறுதியை விரித்தால் கிழக்கெல்லை அவரது தங்கையின் காணி, வடக்கெல்லை இன்னொரு தங்கை மகளின் காணி, தெற்கே ஒழுங்கை. இரண்டு பரப்பு நிலம், கல்வீடு, தென்னைகள், பொதுக் கிணற்றில் பங்கு, கிணற்றுக்குப் போகும் வழிவாய்க்கால் உரிமை. (16 பரப்பு ஓர் ஏக்கர்.) காணி சீதனமாக மகளுக்குப் போகும் ஊரில் எல்லைகளில் பெண்களின் பெயர் இருப்பது புதினமல்ல. ஆண்கள்தான் கலியாணம் கட்டி இந்த ஒழுங்கைக்கு வந்தவர்கள்.

2016இல் பெரியம்மா அந்த வீட்டை ஈடுவைத்துக் கடன் எடுக்கப் போனார். பின்பக்கக் கூரை இறங்கியிருந்தது. யாழ். பல்கலைக்கழகம் சைக்கிள் தூரத்தில் இருப்பதால், கூரையோடு சேர்த்து இரண்டு அறைகளும் போட்டால் மாணவிகளுக்கு வாடகைக்குக் கொடுக்கலாம் என்பது அவரது கணக்கு. அக்கம்பக்கத்தில் பல வீடுகள் அப்படித்தான் ஓடுகின்றன. வங்கியில் உறுதியைப் பார்த்துவிட்டு, "ஐயா வரேல்லையோ?" என்று கேட்டார்கள். ஐயா தொண்ணூறுகளில் வெளிநாடு போனவர். சில வருடம் கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

வங்கி கேட்டது தன் விருப்பத்துக்கு அல்ல. தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்தார். பின்னர் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் மனைவியின் சொத்து அவளுடைய தனிச்சொத்து என்றது. கணவரின் கடனுக்காக அதைப் பொதுவாகப் பிடிக்க முடியாது. நல்லதுதான். ஆனால் அதே சட்டம், அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ நன்கொடை எழுதவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் சொன்னது. கணவர் தன் காணியை விற்க மனைவியின் கையொப்பம் தேவையில்லை. பொதுச் சட்டத்தின் கீழ் வரும் பெண்களுக்கு 1923ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இந்தத் தடையை நீக்கிவிட்டது.

பலர் நினைப்பதுபோல் இது காணி இருக்கும் இடத்தைப் பொறுத்ததல்ல. ஆளைப் பொறுத்தது. வேலைக்காகக் கொழும்பில் இருப்பதால் மட்டும் தேசவழமை ஒருவரை விட்டுப் போகாது. அதற்கு உட்படாத ஒருவரை மணந்த பெண்ணை, அந்த மணம் நீடிக்கும்வரை அது கட்டுப்படுத்தாது.

பெரியம்மாவுக்கு இருந்த வழி மாவட்ட நீதிமன்றம். கணவர் கைவிட்டுப் போனாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, அந்தச் சம்மதம் இல்லாமலே கருமம் செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம். வழி இருக்கிறது என்று சொல்வது சுலபம். தன் மனுசன் தன்னை விட்டுப் போனதை ஊரார் இருக்கும் மண்டபத்தில் சொல்ல அவர் பட்ட கூச்சத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் கடதாசியில் எழுதி ஒப்பமிடுவது வேறு.

நொத்தாரிசு இன்னொன்றும் சொன்னார்: "மரணசாதனம் எழுதுறதெண்டால் அவற்றை சம்மதம் தேவையில்லையம்மா."

"அப்ப செத்தாப்பிறகுதான் வீடு என்ரை," என்றார் பெரியம்மா.

கட்டளை கிடைக்கப் பதினொரு மாதம். அதற்குள் ஒரு மாரி போய், குசினிச் சுவரும் ஊறிவிட்டது. கிடைத்த கடனில் கூரையும் சுவரும் சரியாயின. அறை ஒன்றுதான் எழும்பியது. இப்போது அதில் வவுனியாப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.