அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

1998 ஜனவரியில், இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் கடற்கரையில் உள்ள செல்சி என்ற சிற்றூரைச் சுழற்காற்று தாக்கியது. கூரை பிய்ந்த வீடுகளைத் தேடி, காற்றின் பின்னாலேயே ஏமாற்றுக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். அதைக் கண்ட கெவின் பர்ன் என்பவர், நம்பிக்கையான கைவேலைக்காரர்களை விசாரித்துப் பட்டியலிடத் தொடங்கினார். செக்கட்ரேட் என்ற பட்டியல் பிறந்த கதை இது.

இன்று பிரிட்டனில் இப்படிப் பல பட்டியல்கள். எல்லாம் ஒரே தரம் என்று நினைப்பதுதான் ஆபத்து. சிலவற்றில் பிளம்பரும் கொத்தனாரும் சந்தா கட்டித்தான் இடம்பெறுகிறார்கள். சந்தா கட்டுவது குற்றமில்லை. ஆனால் சேர்க்கும்போது எதைச் சோதித்தார்கள், புகார் வந்தால் நீக்குவார்களா என்று கேட்டாக வேண்டும். 'பை வித் கான்ஃபிடன்ஸ்' திட்டத்தில் உள்ளாட்சியின் வணிகத் தர அதிகாரிகளே தொழில் செய்பவரைத் தணிக்கை செய்கிறார்கள். எனக்கு அதன்மேல் மதிப்பு கூடுதல்.

கேஸ் வேலையில் மட்டும் விருப்பத்துக்கு இடமே இல்லை. 2009 ஏப்ரல் 1 முதல், கேஸ் வேலை செய்பவர்களுக்கான பழைய கோர்கி பதிவேட்டின் இடத்தில் 'கேஸ் சேஃப்' பதிவேடு இருக்கிறது. அதில் பதியாதவர் கூலிக்கு உங்கள் பாய்லரைத் தொடுவது சட்டவிரோதம். சரியாக எரியாத பாய்லர் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். ஆகவே வருபவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். முன்பக்கத்தில் படமும் உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். பெரும்பாலோர் அத்தோடு திருப்பித் தந்துவிடுகிறார்கள். எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கிறது. கேஸ் அடுப்பு பொருத்தத் தெரிந்தவர் பாய்லருக்குத் தகுதி பெறாதவராக இருக்கலாம். உரிம எண்ணைப் பதிவேட்டில் சரிபார்க்கக் காசு கேட்பதில்லை.

தனியாக வாழும் முதியவர்களை நினைத்தால்தான் மனம் பதைக்கிறது. "இந்தப் பக்கமாகப் போனேன், உங்கள் கூரையில் ஓடு நழுவியிருக்கிறது" என்று கதவைத் தட்டுபவரை அவர்கள் நம்பிவிடுகிறார்கள். அப்படி வீட்டு வாசலில் போட்ட ஒப்பந்தத்தை ரத்துசெய்யப் பொதுவாக 14 நாள் அவகாசம் உண்டு. ஆனால் "நாளைக்கே தொடங்குங்கள்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால், ரத்துசெய்தாலும் அதுவரை நடந்த வேலைக்குப் பணம் தர வேண்டியிருக்கும். வாசலில் நிற்பவர் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் நீட்டுவார்.